வேலை மாறினால் யாருக்கு நல்லது?

1990களில் நம் நாட்டில் ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. சின்னக் கண்ணாடி அறை. உள்ளே ஒரு தொலைபேசி. வெளியூரில் இருக்கும் மகனோடு பேச வேண்டுமா? அங்கேதான் போக வேண்டும். இரவில் கட்டணம் குறைவு. அதனால் இரவு நேரத்தில் வரிசை நிற்கும். பல லட்சம் குடும்பங்கள் இந்தத் தொழிலில் பிழைத்தன.

1995ஆம் ஆண்டு இந்தியாவுக்கு செல்போன் வந்தது. முதலில் அது பணக்காரர்கள் கையில் மட்டும் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூலித் தொழிலாளியின் சட்டைப் பைக்கும் வந்துவிட்டது. பூத்தில் கூட்டம் குறைந்தது. பிறகு பூத்துகள் மூடப்பட்டன.

பூத் நடத்தியவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் அதே கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் வைத்தார்கள். சிலர் செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். சிலர் மளிகைக் கடை போட்டார்கள். சிலருக்கு வேறு வழி கிடைக்கவில்லை. அவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல. யாருக்கும் துரோகம் செய்யவும் இல்லை. ஆனாலும் வேலை போய்விட்டது. இது ஏன் நடக்கிறது? வேலை போனவர் அடுத்த வேலைக்குப் போவது எப்படி? அவர் அப்படிப் போவதால் நாட்டுக்கு என்ன பயன்? பார்ப்போம்.

ஒரு பக்கம் மிச்சம், ஒரு பக்கம் குறைவு

விளைவிப்பது, செய்வது, விற்பது, வாங்குவது, கூலிக்கு உழைப்பது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் பொருளாதாரம். இது எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. புது இயந்திரம் வரும். மழை பொய்க்கும். வெளிநாட்டில் நம் சரக்கை வாங்குவது குறையும். மக்களின் தேவையும் மாறும்.

அப்போது என்ன ஆகும்? சில வேலைகள் சுருங்கும். சில வேலைகள் பெருகும். ஓரிடத்தில் ஆள் மிஞ்சும். இன்னோரிடத்தில் ஆள் போதாது.

இதைச் சரி செய்வது யார்? வேலை மாறும் தொழிலாளிதான். ஆள் மிஞ்சிய இடத்தை விட்டு அவர் ஆள் வேண்டிய இடத்துக்குப் போகிறார். அங்கே உற்பத்தி நடக்கிறது. அவருக்கும் சம்பளம் கிடைக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கும் போட்டி குறைகிறது. பத்து வேலைக்குப் பதினைந்து பேர் நின்றால் கூலி இறங்கும். பத்து வேலைக்கு எட்டுப் பேர்தான் வந்தால் கூலி ஏறும்.

பஞ்சாபுக்குப் போகும் ரயில்

பஞ்சாப் மாநிலத்தில் 1960களின் பிற்பகுதியில் புது ரகக் கோதுமை விதை வந்தது. விளைச்சல் பெருகியது. பிறகு நெல் சாகுபடியும் பெருகியது. நடவுக்கும் அறுப்புக்கும் உள்ளூர் ஆட்கள் போதவில்லை.

அதே காலத்தில் பீகாரில் நிலைமை வேறு. அங்கே நிலம் குறைவு. மக்கள் அதிகம். கூலி மிகவும் குறைவு. பீகார் தொழிலாளர்கள் ரயில் ஏறிப் பஞ்சாபுக்குப் போனார்கள். நடவு முடிந்ததும் பணத்தோடு ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டும் போனார்கள். உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலிருந்தும் பலர் போனார்கள்.

இதனால் யாருக்கு லாபம்? பஞ்சாப் விவசாயிக்குப் பயிர் கைக்கு வந்தது. பீகார் குடும்பத்துக்கு மணியார்டர் வந்தது. நாடு முழுவதும் ரேஷன் கடைக்குக் கோதுமையும் அரிசியும் வந்தன.

தொழிலாளர்கள் வராவிட்டால் என்ன ஆகும்? 2020ஆம் ஆண்டு அதை நாடே பார்த்தது. கொரோனா நோயைத் தடுக்க, அந்த ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஜூன் மாதம் பஞ்சாபில் நெல் நடவு தொடங்கியது. நடுவதற்கு ஆள் இல்லை. ஏக்கருக்கு நடவுக் கூலி கூடியது. சில விவசாயிகள் பீகாருக்குப் பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்து வந்தார்கள். சிலர் நாற்று நடாமல் நேரடியாக விதை விதைத்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்கி வந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

46 பேரும் 18 ரூபாயும்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

நம் நாட்டில் உழைப்பவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 2023-24ஆம் ஆண்டு அரசு எடுத்த கணக்குப்படி, அவர்களில் சுமார் 46 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் வருமானம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 18 ரூபாய்தான் விவசாயத்திலிருந்து வருகிறது.

46 பேர் 18 ரூபாயைப் பங்கிட வேண்டும். மற்ற 54 பேர் 82 ரூபாயைப் பங்கிடுகிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

விவசாயம் தாழ்ந்த தொழில் என்று இதற்குப் பொருள் இல்லை. சோறு இல்லாமல் நாடு இல்லை. ஆனால் இரண்டு ஏக்கரை நம்பி அண்ணன் தம்பி ஐந்து பேர் இருந்தால் எல்லோருக்கும் அரை வயிறுதான். இரண்டு பேர் வேறு நல்ல வேலைக்குப் போனால் மூன்று பேர் முழு வயிறு சாப்பிடலாம். போன இரண்டு பேரும் பணம் அனுப்புவார்கள்.

இந்த மாற்றம் பின்னோக்கியும் நடக்கும். 2018-19இல் விவசாயத்தில் இருந்தவர்கள் 100க்கு சுமார் 42 பேர்தான். கொரோனா காலத்தில் நகரத்தில் வேலை இல்லை. பலர் நிலத்துக்குத் திரும்பினார்கள். அந்த எண்ணிக்கை 45, 46 என ஏறியது. 2023-24 வரை அது பெரிதாகக் குறையவில்லை. ஆக, மக்கள் விவசாயத்தை விட்டு வெளியே வந்தால் மட்டும் போதாது. வெளியே நல்ல வேலையும் இருக்க வேண்டும்.

சூரத்தில் வைரம்

குஜராத் மாநிலத்தில் சௌராஷ்டிரம் என்று ஒரு பகுதி உண்டு. பாவ்நகர், அம்ரேலி மாவட்டங்கள் அங்கே இருக்கின்றன. மழை குறைவு. அடிக்கடி வறட்சி வரும்.

அதே மாநிலத்தில் சூரத் நகரம் இருக்கிறது. 1960களுக்குப் பிறகு அங்கே வைரம் பட்டை தீட்டும் தொழில் வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து கரடுமுரடான வைரக் கல் வரும். சூரத்தில் அதைத் தீட்டி மெருகேற்றி வெளிநாட்டுக்கே அனுப்புவார்கள். இன்று உலகத்தில் தீட்டப்படும் வைரங்களில் பெரும்பகுதி சூரத் பகுதியில்தான் தீட்டப்படுகிறது.

சௌராஷ்டிர விவசாயிகளின் பிள்ளைகள் சூரத்துக்கு வந்தார்கள். ஒரே ஊர்க்காரர் முன்பே அங்கே இருப்பார். அவர் தங்க இடம் தருவார். பட்டறையில் பேசிச் சேர்த்துவிடுவார். சுழலும் சக்கரத்தைச் சுற்றி அமர்ந்து பழகியவரைப் பார்த்தே புதியவர் தொழில் கற்றார். ஏர் பிடித்த கை வைரம் பிடித்தது.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய நெருக்கடி வந்தது. வைரம் வாங்குவது குறைந்தது. அந்த ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு மூடிய பட்டறைகளில் பல திறக்கவே இல்லை. ஏராளமானவர்கள் வேலை இழந்தார்கள். சிலர் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்தார்கள். சிலர் சூரத்திலேயே துணித் தறிக்கும் பூ வேலை செய்யும் இயந்திரத்துக்கும் போனார்கள். அந்த நகரத்தில் இன்னொரு தொழில் இருந்தது. அது பலருக்குக் கை கொடுத்தது.

அடுத்த ஆண்டு வைர வியாபாரம் மெல்ல எழுந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. இப்போது பட்டறைக்காரர்கள் ஆள் தேட வேண்டி வந்தது. தொழிலாளிக்கு வேறு வேலை கிடைக்கும் என்றால் முதலாளியும் கொஞ்சம் இறங்கி வருவார்.

மும்பை ஆலைகள்

எல்லா மாற்றமும் இப்படி முடிவதில்லை. மும்பை நகரத்தின் கதையையும் கேளுங்கள்.

மும்பையில் 1850களில் பஞ்சாலைகள் தொடங்கின. லால்பாக், பரேல், வொர்லி பகுதிகளில் ஆலைகள் பெருகின. அந்தப் பகுதிக்கே கிரண்காவ் என்று பெயர் வந்தது. மராத்தி மொழியில் 'ஆலைகளின் ஊர்' என்று அர்த்தம். ரத்னகிரி, சதாரா போன்ற மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து வேலை செய்தார்கள்.

1982 ஜனவரி 18 அன்று ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் போனஸும் கேட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் அதில் ஈடுபட்டார்கள். தத்தா சாமந்த் அதற்குத் தலைமை தாங்கினார். போராட்டம் ஓராண்டுக்கு மேல் நீண்டது. கோரிக்கை வெற்றி பெறவில்லை.

அதற்கு முன்பே ஆலைத் தொழில் ஆட்டம் கண்டிருந்தது. பல ஆலைகளில் இயந்திரங்கள் பழையவை. மக்கள் பருத்தித் துணியை விட்டுப் பாலியெஸ்டர் துணியை அதிகம் வாங்கத் தொடங்கினார்கள். மும்பைக்கு அருகே பிவண்டியிலும், மாலேகாவ், இச்சல்கரஞ்சி போன்ற ஊர்களிலும் விசைத்தறிகள் பெருகின. அங்கே துணி நெய்யச் செலவு குறைவு. ஏன் குறைவு? பல இடங்களில் வேலை நேரம் 12 மணி. சம்பளம் குறைவு. வருங்கால வைப்பு நிதி இல்லை. மருத்துவ வசதி இல்லை.

போராட்டத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். துணி நெய்யும் வேலை நாட்டில் அழியவில்லை. அது இடம் மாறியது. ஆலைத் தொழிலாளியால் அதோடு எளிதில் போக முடியவில்லை. அவருக்கு 40, 45 வயது. பிள்ளைகள் மும்பையில் படித்தார்கள். விசைத்தறிக்குப் போனால் பழைய சம்பளம் வராது. பலர் காய்கறி விற்றார்கள். பலர் காவலாளி வேலைக்குப் போனார்கள். பலர் கொங்கணத்துக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள்.

பிறகு அந்த ஆலை நிலங்களில் உயர்ந்த கட்டடங்களும் பெரிய கடைகளும் வந்தன. அங்கே புது வேலைகளும் வந்தன. கணினி தெரிந்தவர்களுக்கும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் அவை கிடைத்தன. தறி ஓட்டியவருக்கு அங்கே பெரும்பாலும் காவல் வேலையும் துப்புரவு வேலையும்தான்.

மத்திய அரசு 1986இல் ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது. ஆலை நிரந்தரமாக மூடப்பட்டால் தகுதியுள்ள தொழிலாளிக்கு மூன்று ஆண்டு உதவித்தொகை தரப்பட்டது. முதல் ஆண்டு சம்பளத்தில் 75 சதவீதம். இரண்டாம் ஆண்டு 50 சதவீதம். மூன்றாம் ஆண்டு 25 சதவீதம். அதற்குள் வேறு தொழில் பழக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 25 ஆண்டு பழகிய தொழிலை விட்டுப் புதிதாக ஒன்றைக் கற்கப் பணம் மட்டும் போதாது. கற்றுத் தருபவர் வேண்டும். கற்ற பிறகு வேலை தருபவரும் வேண்டும்.

ஏறும் மாற்றம், இறங்கும் மாற்றம்

சூரத்துக்கு வந்த இளைஞர் ஏணியில் ஏறினார். மும்பை ஆலைத் தொழிலாளி இறங்கினார். இருவரும் வேலை மாறியவர்கள்தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

சூரத்தில் வேலை பெருகிக்கொண்டிருந்தது. வந்தவருக்கு வயது குறைவு. கற்றுத்தர ஆள் இருந்தார். தங்க இடம் இருந்தது. மும்பையில் வேலை திடீரென்று போனது. புது வேலைக்குப் புதுத் திறமை வேண்டியிருந்தது. அதைக் கற்கும் செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

தொழிலாளி வேலை மாறுவதால் நாடு பலன் பெறுகிறது. துணி மலிவாகக் கிடைக்கிறது. உணவு கிடைக்கிறது. ஏற்றுமதி நடக்கிறது. எல்லோரும் பலன் பெறும்போது செலவை ஒருவர் மட்டும் சுமப்பது நியாயமா? அரசும் முதலாளியும் அதில் பங்கு ஏற்க வேண்டும்.

காலைக் கட்டும் கயிறுகள்

நல்ல வேலை வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் பலர் போவதில்லை. ஏன்?

முதல் கயிறு கடன். செங்கல் சூளைகளில் முன்பணம் கொடுத்து ஆள் எடுப்பது உண்டு. 'கடனைத் தீர்த்துவிட்டுப் போ' என்பார்கள். கடன் தீரவே தீராது. இப்படி ஒருவரைக் கட்டிவைப்பது குற்றம். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் புகார் செய்யலாம்.

இரண்டாவது கயிறு ரேஷன். வெளியூர் போனால் அரிசி போய்விடும் என்ற பயம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019இல் தொடங்கியது. 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டை என்றால், வெளிமாநிலக் கடையிலும் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். தொழிலாளி தன் பங்கை அங்கே வாங்கலாம். மீதிப் பங்கைக் குடும்பம் ஊரில் வாங்கலாம்.

மூன்றாவது கயிறு சான்று இல்லாமை. இருபது ஆண்டு கொத்து வேலை செய்தவர் இருப்பார். கையில் ஒரு காகிதமும் இருக்காது. புது ஊரில் அவரைச் சித்தாள் கூலிக்குத்தான் எடுப்பார்கள்.

நான்காவது கயிறு வீட்டுப் பொறுப்பு. இது பெண்களை அதிகம் கட்டுகிறது. குழந்தையை விட இடம் இல்லை. மாமியாரைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் பக்கத்துத் தெருவில் கிடைக்கும் குறைந்த கூலிக்கே பல பெண்கள் போகிறார்கள். குழந்தைகள் காப்பகமும் பாதுகாப்பான விடுதியும் இருந்தால் இந்தக் கயிறு தளரும்.

வேலை மாறும் முன் செய்ய வேண்டியவை

1. சம்பளச் சீட்டு, வேலை அட்டை, அனுபவச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பத்திரமாக வையுங்கள்.

2. வருங்கால வைப்பு நிதியில் உங்களுக்கு 12 இலக்க எண் உண்டு. 2014 முதல் இந்த எண் தரப்படுகிறது. வேலை மாறினாலும் எண் மாறாது. புது முதலாளியிடம் அதே எண்ணைக் கொடுங்கள். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடாதீர்கள். 10 ஆண்டுப் பணி சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை வரும்.

3. ஓரிடத்தில் ஐந்து ஆண்டு முடியப் போகிறதா? அதற்கு முன் அவசரப்பட்டு விலகாதீர்கள். பொதுவாக ஐந்து ஆண்டு முடித்தால் பணிக்கொடை கிடைக்கும். இதைக் கிராஜுவிட்டி என்பார்கள்.

4. தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தால், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள். 'நானே விலகுகிறேன்' என்று எழுதிய தாளிலும் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

5. இ.எஸ்.ஐ. சந்தா கட்டியவரா? ஆலை மூடி வேலை போனால் உதவித்தொகை கேட்க வழி உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

6. புது வேலையின் கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு, தங்கும் இடம் எது என்று முன்பே கேளுங்கள். எழுதி வாங்குங்கள். அங்கே முன்பே வேலை செய்யும் ஒருவரிடம் விசாரியுங்கள். போகும் ஊரின் முகவரியை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

7. இருக்கும் வேலையில் இருக்கும்போதே இன்னொரு தொழிலைப் பழகுங்கள். வேலை போன பிறகு கற்பது கஷ்டம்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் கடந்த இருபது ஆண்டுகளில் மறைந்த வேலைகள் எவை? புதிதாக வந்த வேலைகள் எவை? மறைந்த வேலையைச் செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

உங்கள் ஊரிலிருந்து வெளியூர் போனவர்கள் யார்? அவர்கள் போனதால் ஊரில் கூலி கூடியதா?

புதுத் தொழில் கற்கும் செலவை யார் ஏற்க வேண்டும்? தொழிலாளியா, முதலாளியா, அரசா? உங்கள் படிப்பு வட்டத்தில் பேசி, முடிவை நான்கு வரியில் எழுதுங்கள்.